வடமராட்சியில் இத்தனை பேருக்குக் காது கேட்காதா?

பேராசிரியர் பொய் சொல்கிறார். வடமராட்சி மக்களின் நோயெதிர்ப்புச் சக்தி மறதி நோயைத் தடுத்து நிற்கிறது என்று மேடை போட்டு அறிவித்தாரே, அந்தப் பேராசிரியரைத்தான் சொல்கிறேன். தெரியாமல் விட்ட பிழை என்று அவரைத் தப்பவிட நான் ஆயத்தமில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று அவருடைய மேசைக்கு முன்னால் நின்று சொன்னவள் நான். கேட்டார், தலையாட்டினார், பிறகு அந்தப் பிழையை வைத்தே பெயர் எடுத்தார். அவருடைய அறிவிப்பைக் காரணம் காட்டி, மறதி நோயாளருக்கென்று எங்கள் பகுதிக்கு வரவிருந்த பகல் பராமரிப்பு நிலையத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கே தேவை குறைவாம்.

ஓய்வுபெற்ற வைத்தியர்கள், புதிதாக வேலைக்கு வந்த உங்களுக்குத் தங்கள் அனுபவங்களை எழுத வேண்டும் என்று இந்தச் சஞ்சிகைக்காரர் கேட்டார்கள். இனிமையான நினைவுகளாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். என்னிடம் இருப்பது இதுதான். போடுவதென்றால் முழுவதையும் போடுங்கள்.

முதலில் ஆய்வு என்ன என்று விளங்க வேண்டும். மூளைக்குள் துப்புரவு செய்யும் உயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை உடம்பின் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை. நரம்புக் கலங்களைச் சுற்றிச் சேரும் புரதக் கழிவை விழுங்கி அகற்றுவது அவற்றின் வேலைகளில் ஒன்று. அந்தக் கலங்களை நடத்தும் மரபணுக்களில் சில மாற்றங்கள் உள்ளவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் வரும் ஆபத்துக் கூடுதல் என்று பிற நாடுகளில் கண்டிருக்கிறார்கள். கூடுதல் என்றால் கூடுதல், அவ்வளவுதான். மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வராது. மாற்றம் இல்லாத எல்லோரும் தப்பவும் மாட்டார்கள்.

எங்கள் ஆட்களிலும் அப்படித்தானா என்று பார்க்க வந்ததுதான் இந்த ஆய்வு. நல்ல கேள்வி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மறதி நோய் உள்ள முதியவர்களை ஒரு பக்கம் வைக்க வேண்டும். அதே வயதில் நினைவு தெளிவாக உள்ளவர்களை மறுபக்கம் வைக்க வேண்டும். இரண்டு பக்கத்து இரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ஆபத்தான மாற்றம் நோயாளர் பக்கம் கூடுதலாகக் கிடந்தால் அது இங்கும் ஆபத்து. இரண்டு பக்கமும் சமமாகக் கிடந்தால் அந்த மாற்றம் இங்கே ஒன்றும் செய்யவில்லை. ஆகவே எந்த முதியவரை எந்தப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. நல்ல இயந்திரங்கள் இருந்தன. இரத்தத்தை அவை வாசித்துச் சொல்லிவிடும். ஆளைப் பார்த்துச் சொல்ல அவற்றால் முடியாது.

ஆளைப் பார்க்கிற வேலை எனக்குத் தரப்பட்டது. அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். வடமராட்சி ஊர்களில் எல்லோரையும் தெரியும் என்பதால் பேராசிரியரே வந்து கூட்டிக்கொண்டு போனார். ஆய்வுக்கென்று விட்ட வான் வண்டியில் வீடு வீடாகப் போய், நினைவைச் சோதிக்கிற கேள்விகளைக் கேட்டு, இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று நான் பிரிக்க வேண்டும்.

ஆய்வில் ஒரு விதி இருந்தது. காது கேளாத முதியவரிடம் கேள்வி கேட்டால் பதில் சரியாக வராது. எனவே அவருக்குச் சோதனை வேண்டாம், நினைவு எப்படி என்று வீட்டார் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம் என்றது அந்த விதி. எழுதினவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். எங்கள் ஊரில் கலியாணம் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

முதல் வாரத்திலேயே எனக்கு உறைக்கத் தொடங்கியது. சேவைக்காலம் முழுவதும் சந்தித்த செவிடர்களைவிட அந்த ஒரு வாரத்தில் கூடுதலாகச் சந்தித்தேன். "அப்பாவுக்குக் காது கேக்காது டொக்டர், மற்றும்படி ஆள் நல்ல தெளிவு." "அம்மாவுக்குக் காது சுத்தமாய்ப் போச்சு, ஆனால் ஒண்டையும் மறக்கமாட்டா." வீட்டுக்கு வீடு இதே பாட்டு. போர்க்காலச் செல்லடியில் காது போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று என்னோடு வந்த இளம் வைத்தியர் விளக்கம் சொன்னார். உண்மைதான், இருக்கிறார்கள். ஆனால் செல் விழுந்தது எல்லா வீட்டு முற்றத்திலும்தான். பெண்பிள்ளை கலியாணத்துக்கு நிற்கிற வீட்டில் மட்டும் எப்படிக் கிழவருக்குக் காது போனது? பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்த வீட்டில் எப்படி எல்லோருக்கும் காது கேட்கிறது?

நான் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் எனக்கு மேலே ஒரு பொது வைத்திய நிபுணர் இருந்தார். எரிந்து விழுகிற மனுசன். நோயாளியைக் கூட்டிவந்த உறவினர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, தன்னுடைய திறப்புக் கோர்வையை, அதாவது சாவிக்கொத்தை, நோயாளிக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் போடுவார். யார் திரும்புகிறார், யார் திரும்பவில்லை என்று பார்ப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. திறப்பைப் போடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டுக்குப் போனோம். கந்தசாமித் தண்டையல் வீடு. பாய்க்கப்பலை நடத்திய கடைசித் தலைமுறை மனிதர், தண்டையல் என்றால் கப்பலின் தலைவர். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றச் சொல்லி அவருடைய மகள் கேட்கவில்லை, நானாகச் செய்தது. மகளைப் புவனா என்று வைத்துக்கொள்ளுங்கள். புருசன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஒரே பிள்ளை தர்சிகா. அவளுக்குத் தொண்டைமானாற்றில் கலியாணம் முற்றாகி, நாளும் வைத்தாகிவிட்டது.

தண்டையல் விறாந்தையில் கதிரையில் இருந்தார். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தயாராக வைத்திருந்தார்கள்.

"அப்பாவுக்குக் காது கேக்காது டொக்டர்" என்றார் புவனா. "மற்றும்படி குறையில்லை. சாப்பாடு, நடை, நினைவு எல்லாம் நல்ல வடிவாய் இருக்கு."

நான் தண்டையலுக்குப் பின்பக்கமாகப் போய்த் திறப்புக் கோர்வையைப் போட்டேன்.

தண்டையல் திரும்பிப் பார்த்தார். "ஆர் பிள்ளை அது? உந்தத் திறப்பை எடுத்துப் பத்திரமாய் வை. கடலுக்கை விழுந்தால் பேந்து எடுக்கேலாது."

கடல் அங்கிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. பிறகு தண்டையல் என்னைப் பார்த்து, "கப்பல் எப்ப வெளிக்கிடுது?" என்று கேட்டார்.

புவனா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சண்டைக்கு நின்றார்.

"இப்ப என்ன செய்யப் போறியள்? வருத்தக்காரர் பக்கம் போடப் போறியளோ?"

"வருத்தம் இருக்குத்தானே புவனா."

"இருக்கு. ஆர் இல்லை எண்டது? அந்தப் பக்கம் போட்டியள் எண்டால் உங்கடை வான் திரும்பவும் வரும், பெரிய டொக்டரும் வருவார். வான் ரெண்டாம் தரம் எந்த வீட்டு வாசல்லை நிக்குதோ அந்த வீட்டிலை அறளை பேந்த ஆள் இருக்கெண்டு ஒழுங்கை முழுக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியும். வயதுபோய்ப் புத்தி தடுமாறுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நோயாளர் பக்கம் வைத்தவர்களின் வீடுகளுக்கு ஆய்வின் வான் இரண்டாவது முறை போகும், மறதி நோய் ஆய்வு என்று பெரிய எழுத்தில் பெயர் எழுதின வான். தெளிவானவர் வீடுகளுக்கு ஒரு முறைதான். இரகசியம் பேணுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வாசலில் வானை நிறுத்தினால் அது என்ன இரகசியம்?

"அதோடை இது பரம்பரை வருத்தம் எண்டு நீங்கள்தானே சொல்லிக்கொண்டு திரியிறியள்" என்றார் புவனா. "மாப்பிளை வீட்டுக்காரர் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? பொம்பிளையின்ரை இரத்தத்திலை அது இல்லை எண்டு எழுதித் தருவியளோ?"

அப்போதுதான் குசினி வாசலில் தர்சிகா நிற்பதைக் கண்டேன். "டொக்டர், எனக்கும் வருமோ?" என்று கேட்டாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வராது என்று சொல்லி ஆறுதல் கொடுக்க வாய் துடிக்கும். வரலாம் என்று சொல்லிப் பொறுப்பைக் கழுவவும் மனம் சொல்லும். நான் சொன்னது இது: "தெரியாது பிள்ளை. உன்ரை அம்மப்பாவிட்டை ஆபத்தான மாற்றம் இருக்கோ எண்டே எனக்குத் தெரியாது. இருந்தாலும் உனக்கு வந்திருக்க வேணும் எண்டில்லை. வந்திருந்தாலும் வருத்தம் வரும் எண்டில்லை. உன்ரை வயசிலை ஆராலையும் உந்த விசயத்தைச் சொல்லேலாது. சொல்லுறன் எண்டு வாறவனை நம்பாதை."

"அப்ப ஏன் இரத்தம் எடுக்கிறியள்?"

"கன பேரின்ரை இரத்தத்தைச் சேத்துப் பார்த்தால் ஊருக்கு ஒரு விடை வரும். உனக்கெண்டு தனி விடை வராது."

"அப்ப ஊருக்குச் சரியான விடை வருமோ, அம்மா பொய் சொன்னால்?"

புவனா மகளை முறைத்தார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

தண்டையலை நான் நோயாளர் பக்கம் வைக்கவில்லை. தெளிவானவர் பக்கமும் வைக்கவில்லை. இவரை ஆய்வில் இருந்து நீக்க வேண்டும் என்று அறிவித்தேன். நாங்கள் வந்த உடனேயே எடுத்த இரத்தம் அதற்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டது. ஒரு கலியாணத்தைக் குழப்பி உண்மையை நிலைநாட்டும் உரிமை எனக்கு இல்லை. ஒரு கலியாணத்துக்காகப் பொய்யை எழுதும் உரிமையும் இல்லை. விலக்கிவைக்கலாம், அதற்கு வழி இருந்தது. நாளைக்கே அதே நிலை வந்தாலும் அதையே செய்வேன்.

அடுத்த நாள் பேராசிரியரிடம் போனேன். காது கேளாதவர் என்று வீட்டார் சொன்ன எல்லோரையும் நிறுத்திவையுங்கள், காதைச் சோதியுங்கள், காது கேட்டால் நினைவைச் சோதியுங்கள், வானில் எழுதின பெயரை அழியுங்கள் என்றேன். காதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை என்று சொல்லி அவருடைய மேசையில் என்னுடைய திறப்புக் கோர்வையைப் போட்டும் காட்டினேன்.

"டொக்டர், ஆய்வு விதிப்படிதானே நடக்குது" என்றார்.

"விதி பிழை."

"ஒரு சில வீட்டிலை அப்பிடி இருக்கலாம். அதுக்காக எல்லாரையும் வெளியிலை எடுத்தால் தெளிவான ஆக்களின்ரை பக்கம் பாதியாய்ப் போயிடும். பேந்து ஆய்வே இல்லை."

"நோயாளியைத் தெளிவான ஆள் எண்டு வைச்சால் மட்டும் ஆய்வு இருக்கோ?"

தலையாட்டினார். "நீங்கள் களத்திலை நல்லா வேலை செய்யிறியள். கணக்குப் பாக்கிறதை எங்களிட்டை விடுங்கோ. உங்களுக்குத் தேத்தண்ணி சொல்லவோ?"

தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அன்றோடு அந்த ஆய்வில் இருந்து விலகினேன். ஏன் விலகுகிறேன் என்பதையும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

பிறகு தர்சிகாவின் கலியாணம். எனக்கும் சொல்லியிருந்தார்கள், போனேன். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கைகழுவப் போன நான் பின்னறையில் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். தண்டையலை அங்கே இருத்தியிருந்தார்கள். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இன்னொரு கிழவர். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஒரு காலத்தில் தபால் அதிபராக இருந்தவர். எங்கள் வான் அவருடைய வீட்டுக்கும் போயிருந்தது. எனக்கு முகம் நினைவிருந்தது. காது கேட்காது, மற்றும்படி ஆள் தெளிவு என்று சொன்ன வீடு.

இரண்டு பேரும் நல்ல கதையில் இருந்தார்கள்.

"காத்து மாறுது. பாயை இறக்கச் சொல்லு" என்றார் தண்டையல்.

"ஓமோம், பிந்தினால் தபால் போகாது" என்றார் தபால் அதிபர்.

"சுக்கானைப் பிடிச்சவன் ஆர்?"

"அவன் லீவிலை போட்டான். நான்தான் முத்திரை குத்த வேணும்."

"அப்ப சரி. நீ நிண்டால் எனக்குப் பயமில்லை."

வாசலில் புவனா வந்து நின்றார். அதே நேரம் மாப்பிள்ளையின் தாயும் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் என்னிடம், "டொக்டர், உவருக்குக் காது கேக்காது" என்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உள்ளே பாய் இறக்குவதைப் பற்றிய கதை நடந்துகொண்டே இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் சிரித்தார். "சரி விடுங்கோ சம்பந்தி. இனி ஆருக்கு மறைக்கிறது? ரெண்டு பேருக்கும் சோத்தைக் குடுங்கோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு மனிதர்களும் தெளிவானவர் பக்கத்தில் இருக்கக்கூடும் என்பதுதான் மனதில் ஓடியது. தண்டையலை நீக்கச் சொல்லி எழுதியிருந்தேன். நீக்கியிருப்பார்களா?

ஆய்வின் முடிவு ஒரு செய்தியாக வந்தது. பிற நாடுகளில் ஆபத்தைக் கூட்டும் நோயெதிர்ப்பு மரபணு மாற்றம் வடமராட்சியில் நோயாளரிடமும் தெளிவானவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதாம். அதாவது மாற்றத்தைச் சுமந்தபடியே எங்கள் முதியவர்கள் தெளிவாக இருக்கிறார்களாம். எங்கள் நோயெதிர்ப்புத் தொகுதியில் ஏதோ ஒரு தனிக் காவல் இருக்கிறதாம். பத்திரிகைகள் கொண்டாடின. எங்கள் இரத்தமே தனி இரத்தம் என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர் எல்லாம் அனுப்பிக்கொண்டார்கள்.

எப்படி வந்தது இந்தச் சமநிலை? நோயாளரில் ஒரு பங்கைத் தூக்கித் தெளிவானவர் பக்கம் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதற்கு மரபணு அறிவு தேவையில்லை. கறுப்பு அரிசியை வெள்ளை அரிசியில் கொட்டிவிட்டு, இரண்டும் ஒரே நிறம், இது எங்கள் மண்ணின் அதிசயம் என்று சொல்வது போன்ற வேலை.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், என்னைவிட நல்ல கருவிகளோடு வேலை செய்கிறீர்கள். ஒன்றைக் கேளுங்கள். மரபணுவில் இது இருக்கிறது, அது இல்லை என்று யாராவது உங்களுக்கு ஒரு முடிவைக் காட்டினால், சுகமானவர் என்று யாரை வைத்தாய், அவரை நீ பார்த்தாயா என்று முதலில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்த முடிவைத் தொடாதீர்கள்.

செய்திக்குப் பிறகு பகல் நிலையத்துக்கு ஒதுக்கிய கட்டடம் வேறு தேவைக்குப் போனது. அதற்கென்று வரவிருந்த தாதிகளும் வரவில்லை. அதன் பிறகு ஒரு காலை புவனா என்னுடைய வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். மகள் புருசனோடு கொழும்புக்குப் போய்விட்டாள். தண்டையல் விடிய முன்னம் கப்பலைத் தேடிக் கடற்கரைக்குப் போகிறார். ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை மீன்பிடிக்கப் போனவர்கள் பிடித்துவந்தார்கள். படலையைப் பூட்டினால் மதிலில் ஏறப் பார்க்கிறார். புவனா சம்பளமில்லா லீவில் நிற்கிறார். அந்த லீவும் முடியப் போகிறது.

"நிலையம் வரும், பகலிலை விட்டிட்டுப் படிப்பிக்கப் போகலாம் எண்டு இருந்தனான்" என்றார். "தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டினம். என்ரை பொய்யாலைதானே?"

"இல்லை" என்றேன். "உன்ரை பொய்யை நான் அண்டைக்கே பிடிச்சனான். பிடிச்சதை அவருக்குச் சொன்னனான். அதுக்குப் பிறகு அது அவரின்ரை பொய்."

கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, "அப்ப வாங்கோ, எல்லாருக்கும் முன்னாலை கேப்பம்" என்றார்.

கரவெட்டியில் ஒரு மண்டபத்தில் பேராசிரியர் பொதுமக்களுக்கு ஆய்வை விளக்க வந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. புவனா தகப்பனை முன்வரிசையில் இருத்தி, பக்கத்தில் தானும் இருந்தார். அவருக்கு அடுத்ததாக நான். உங்கள் இரத்தத்திலேயே ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று பேராசிரியர் சொன்னபோது கை தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். புவனா எழும்பினார்.

"சேர், என்ரை அப்பான்ரை இரத்தம் உங்களிட்டை இருக்கு. அவரை எந்தப் பக்கம் வைச்சிருக்கிறியள்?"

"அம்மா, தனிப்பட்ட ஆக்களின்ரை விபரம் இஞ்சை சொல்லேலாது. அது இரகசியம்."

"இரகசியம் எங்கடை. நானே சொல்லுறன். காது கேக்காது எண்டு நான்தான் பொய் சொன்னனான். பிள்ளையின்ரை கலியாணத்துக்காகச் சொன்னனான். கேக்கும் எண்டு இந்த டொக்டர் கண்டுபிடிச்சு உங்களுக்குச் சொன்னவ. பேந்து அவரை ஆய்விலை இருந்து எடுத்தனீங்களோ, இல்லையோ?"

மண்டபத்தில் சலசலப்பு. பின்னால் ஒரு பெண் எழும்பி, "எங்கடை அம்மாவுக்கும் காது கேக்கும்" என்றார். இன்னொருவர் எழும்பாமலே, "எங்கடை ஐயாவுக்கும்" என்றார். இந்த ஊரில் ஆட்கள் தங்கள் வீட்டு நோயைச் சபையில் சொல்லி நான் கண்டதில்லை.

பேராசிரியர் ஒலிவாங்கியை இழுத்தார். அது கீச்சிட்டது. தண்டையல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஆரடா அவன், உந்த இரைச்சலை நிப்பாட்டு!" என்று கத்தினார்.

மண்டபமே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். தனிப்பட்ட விடயங்களைப் பிறகு கதைப்போம், நேரம் போய்விட்டது, வெளியே தேத்தண்ணி இருக்கிறது என்றார். நாங்கள் வெளியே வந்தபோது அவருடைய கார் போய்விட்டது.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. எழுதினேன், பதில் இல்லை. தொலைபேசி எடுத்தேன், கூட்டத்தில் இருக்கிறாராம். ஓய்வுபெற்ற பின்பும் ஏன் இந்த வம்பு என்று என்னுடைய காலத்து வைத்தியர்களே கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் கெடுமாம். எங்கள் இனத்துக்கு வந்த நல்ல பெயரை நானே கெடுக்கிறேனாம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மனிதருக்கு இந்தப் பெயரால் என்ன பயன்? உங்களுக்கும் இப்படிச் சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் கேட்பதை நிறுத்தாதீர்கள்.

பேராசிரியரே, இனி உங்களுக்கு. இரத்தம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. அந்த முதியவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். திரும்பப் பிரித்துப் பார்க்கலாம். பார்த்த பிறகும் உங்கள் முடிவு நின்றால் இதே சஞ்சிகையில் மன்னிப்புக் கேட்பேன். அதற்கு முதல் ஒரு கேள்விக்குப் பகிரங்கமாகப் பதில் சொல்லுங்கள். காது கேளாதவர் என்று தெளிவானவர் பக்கம் வைத்தீர்களே, அவர்களில் ஒருவருடைய காதையாவது சோதித்தீர்களா? ஆம் என்றால் யார் சோதித்தது என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், நிலையத்தைத் திறக்கச் சொல்லி உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

எழுத விருப்பமில்லாவிட்டால் அதே மண்டபத்துக்கு வந்து சொல்லுங்கள். முன்வரிசையில் நானும் புவனாவும் தண்டையலும் இருப்போம். மூன்று பேருக்கும் காது கேட்கும்.